டீச்சர்... ‘சோர்ஸ்’ மாத்துங்க!

வகுப்பறைக்குத் திரை வந்துவிட்டது. அதைப் பழக ஆசிரியருக்கு நேரம் எங்கே?

காலை மணி 10.10. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அறை. சுவரில் புதிதாகப் பொருத்திய பெரிய திரை. அதில் நீலம் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து இங்கிட்டும் அங்கிட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ரிமோட்டும் கையுமாக நிற்கிறார் ஆசிரியை. 24 வருட சர்வீஸ். சாக்பீஸைக் கையில் எடுத்தால் நாலே கோட்டில் யானை வரைந்துவிடுபவர். இப்போது ரிமோட்டின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தாயிற்று. லேப்டாப்பை அணைத்துப் போட்டாயிற்று. ஒயரைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி சொருகியும் ஆயிற்று. நீலம் நீலமாகவே இருக்கிறது. 27 பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு டீச்சரின் முகத்தையே பார்க்கிறார்கள்.

“டீச்சர்...” கடைசி வரிசையில் ஒரு கை உயர்கிறது.

“என்ன பாப்பா, பாத்ரூமா?”

“இல்ல டீச்சர். சோர்ஸ் மாத்துங்க.”

“எத மாத்தணும்?”

“ரிமோட்ல சோர்ஸுன்னு ஒண்ணு இருக்கும்ல... அத அமுக்கி எச்.டி.எம்.ஐ. ரெண்டுல வைங்க. எங்க வீட்டு டிவியில செட்டாப் பாக்ஸுக்கு அப்படித்தான் வைப்போம்.”

வைத்தார். நீலம் போய், திரை முழுக்க ஒரு மனித இதயம் சுருங்கி விரிந்தது. வலது பக்கம் நீல ரத்தம், இடது பக்கம் சிவப்பு ரத்தம். பிள்ளைகள் ‘ஹே’ என்று கத்திய கத்தலில் அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாடவேளை முடிய 18 நிமிடங்கள் பாக்கி.

மதிய உணவு இடைவேளையில் அந்த ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தோம். “போன வாரம் பூவின் பாகங்கள் நடத்தினேன். அதுக்கும் அனிமேஷன் இருக்குன்னாங்க. எனக்கு எதுக்கு அனிமேஷன்? செம்பருத்தி நம்ம வாசல்லயே பூத்துக் கெடக்கு. ஆளுக்கொன்னு பறிச்சுக் குடுத்து, இதழ் இதழா உரிச்சுப் பாக்கச் சொல்லிட்டேன். இதயத்தத்தான் சார் பறிச்சுட்டு வர முடியாது” என்றார்.

கல்வித் தொழில்நுட்பம் பற்றி மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் பலர் இன்னும் வந்து சேராத இடம் இது. இவர் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அங்கே வந்துவிட்டார். அப்படியானால் இவருக்குக் கருவி பிடிக்காது, வயதாகிவிட்டது, புதியதைக் கற்க மாட்டார் என்றெல்லாம் சொல்கிறோமே, அது யாருடைய கதை?

பிள்ளைக்கு முதலில், டீச்சருக்குக் கடைசியில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வந்த வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது மேல்நிலை வகுப்பு மாணவர் கைக்கு லேப்டாப் வந்துவிட்டது. அவருக்குப் பாடம் நடத்தியவர் கையில் அதே சாக்பீஸ். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரசு கையடக்கக் கணினி கொடுத்தது 2024-ல். நடுவில் 13 வருடம்.

அந்த 13 வருடத்தில் மற்றதெல்லாம் வந்தன. 2017 ஆசிரியர் தினத்தன்று மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளம். 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள், பக்க ஓரத்தில் கியூ.ஆர். கோடுடன். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி. அப்புறம் கொரோனா. 2023-ல் ‘மணற்கேணி’ செயலி.

கியூ.ஆர். கோடு வந்த புதிதில் நடந்ததை ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். புத்தகத்தில் கட்டம் இருக்கிறது. ஸ்கேன் பண்ணினால் காணொளி வரும். ஆனால் ஸ்கேன் பண்ண வகுப்பில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் டீச்சரின் சொந்த போன். 40 பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். கோயிலில் தீபாராதனைத் தட்டைக் காட்டிக்கொண்டு போவார்களே, அதேதான். முதல் வரிசைக்குத் தரிசனம் கிடைத்தது. கடைசி வரிசைக்கு மணிச்சத்தம் மட்டும்.

இந்தக் கட்டத்தைப் பாடநூலுக்குள் கொண்டுவந்த கதையில் ஒரு கிராமத்து வாத்தியாருக்கு முக்கியப் பங்கு உண்டு. மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடியில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டியிருந்த பாழடைந்த பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர் ரஞ்சித்சிங் திசாலே. பிள்ளைகள் வீட்டில் பேசியது கன்னடம், புத்தகம் வேறு மொழி. அவர் முதலில் செய்தது கன்னடம் கற்றுக்கொண்டதுதான். பிறகுதான் பாடத்தைப் பிள்ளைகளின் மொழிக்குக் கொண்டுவந்து, ஒலியும் ஒளியுமாக ஆக்கி, கியூ.ஆர். கோடாகப் புத்தகத்தில் ஒட்டினார். அதைப் பார்த்து மராட்டிய அரசு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 2020 டிசம்பரில் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்.

ஒரு வாத்தியார் தன் வகுப்புக்காக, தன் பிள்ளைகளின் மொழிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நமக்கு அது அச்சாகி, மேலிருந்து இறங்கி வந்தது. கட்டம் வந்தது, அந்த வாத்தியாருக்கு இருந்த சுதந்திரமும் கூடவே வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

———————————
பெட்டிச் செய்தி: எண்களில் வகுப்பறை

தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள். அவற்றில் பெரும்பகுதி தொடக்க, நடுநிலைப் பள்ளிகள்.

அரசுத் திட்டத்தில் எடுத்துக்கொண்ட திறன் வகுப்பறைகள்: 22,931.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கையடக்கக் கணினிகள்: 79,723.

ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள்.

இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 சதவீதம். முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்பு சம்பந்தமாகத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். (2024 ‘ஏசர்’ கல்வி நிலை அறிக்கை)
———————————

தயிர் மோரான கதை

சரி, பயிற்சி தரவில்லையா? தந்தார்கள். தந்துகொண்டும் இருக்கிறார்கள். குறையே அங்கேதான் தொடங்குகிறது.

மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்துக்கு வந்து சிலருக்குச் சொல்வார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் சொல்வார்கள். அங்கிருந்து குறுவள மையம். சென்னையில் கெட்டித் தயிராகப் புறப்பட்டது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசி ஆசிரியர் கைக்கு வரும்போது நீர்மோர். அதில் கறிவேப்பிலை மட்டும் மிதக்கும்.

ஒரு குறுவள மையப் பயிற்சியைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு ஹால், அறுபது பேருக்குப் பக்கம், ஒரு புரொஜெக்டர். ஜன்னல் திரை இல்லாததால் வெயிலில் படம் வெளுத்துத் தெரிகிறது. பயிற்றுநர் நல்லவர், தொண்டை கட்டிய குரலில், “முதல்ல லாகின் பண்ணுங்க” என்கிறார். அறுபது பேரும் ஒரே நேரத்தில் லாகின் பண்ணுகிறார்கள். நெட் படுத்துவிடுகிறது. “ஓ.டி.பி. வரல சார்” என்று ஒரு குரல், “பழைய நம்பர் குடுத்திருக்கேன், இப்ப அந்த சிம் இல்ல” என்று இன்னொரு குரல். டீ வருகிறது. வருகைப் பதிவில் கையெழுத்து. முடிவில் ஓர் இணையப் படிவம்: ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?’ எல்லாரும் ‘மிகவும்’ என்று தட்டிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போகிறார்கள்.

இணையவழிப் பயிற்சிகளின் நிலை இன்னும் மோசம். காணொளி ஓடிக்கொண்டே இருக்கும், டீச்சர் சாம்பார் தாளித்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் வினாடி வினா. விடைகள் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். சான்றிதழ் வந்துவிடும். இதைக் குற்றமாக எழுதவில்லை. ஒருவர் கற்றாரா என்று பார்க்காமல், முடித்தாரா என்று மட்டும் கணக்கெடுத்தால் எந்தத் துறையிலும் இதுதான் நடக்கும்.

பிறகு எங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்? நாங்கள் பேசிய ஆசிரியர்கள் எல்லாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டோம். கல்லூரியில் படிக்கும் மகள். பக்கத்துப் பள்ளியின் இளம் இடைநிலை ஆசிரியர். யூடியூப். ஜெராக்ஸ் கடைத் தம்பி என்று ஒருவர் சொன்னார். பயிற்சி வகுப்பு என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

55 வயது தலைமையாசிரியர் ஒருவர் சொன்ன பதில் மறக்க முடியாதது: “தம்பி, பயிற்சியில கேள்வி கேட்டா அறுபது பேரு திரும்பிப் பாப்பாங்க. என் பொண்ணுகிட்ட அஞ்சு தரம் கேட்டாலும், ‘அப்பா, நேத்துதான சொன்னேன்’னு திட்டிட்டுச் சொல்லிக் குடுத்துரும்.” வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தெரியாது என்று சொல்வதில் இருக்கும் கூச்சம் லேசானதல்ல. அதைத் தாண்ட அவருக்குத் தனியே நாலு சுவர் வேண்டும், அல்லது திட்டிவிட்டுச் சொல்லித்தரும் ஒரு மகள் வேண்டும்.

அந்தப் போனில் என்ன பார்க்கிறார்கள்?

“டீச்சரு எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருக்காங்க.” பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது.

உண்மைதான், நோண்டுகிறார்கள். என்ன நோண்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். காலையில் மாணவர் வருகை, ஆசிரியர் வருகை. புத்தகம், சீருடை, காலணி வந்தால் யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவு. உயரம், எடை, உடல்நலக் கேள்விகள். இடைநின்ற பிள்ளைகளின் விவரம். இணையவழி மதிப்பீடு. எல்லாம் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமைக்குள் போக வேண்டும்.

எமிஸால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எப்போது நின்றது என்பது இன்று தெரிகிறது. மாற்றுச் சான்றிதழுக்கு அலைந்த காலம் போயிற்று. ஆனால் அந்தத் தரவைத் திரட்டும் கை எது என்று பாருங்கள். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒருவர் பதிவேற்ற உட்கார்ந்தால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் மேய்க்க வேண்டும். மலையோர ஊர் என்றால் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேடு வரை போக வேண்டும். போன் பெரும்பாலும் சொந்த போன். ரீசார்ஜ் சொந்தக் காசு. சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால், ‘உங்கள் பள்ளி இன்னும் முடிக்கவில்லை’ என்று குழுவில் பெயர்ப் பட்டியல் வந்துவிடும்.

ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் 2023-ல் போராட்டம் அறிவித்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் எமிஸ் பணியிலிருந்து விடுவிப்பதும் ஒன்று. சம்பளக் கோரிக்கையோடு ஒரு செயலியும் போராட்டப் பட்டியலில் ஏறியது என்றால், அது எந்த அளவுக்குக் கழுத்தை நெரித்திருக்க வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர கல்வி சாராத வேலை எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேற்றுவது கல்வி சார்ந்ததா, சாராததா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது, அதற்கு வாதாடவே தேவையில்லை: ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை, பாடத்துக்குத் தயார் செய்யும் நேரத்தையும் சேர்த்து. தயாரிப்பு நேரம் என்பது யாரோ போடும் பிச்சை அல்ல. சட்டத்திலேயே இருக்கிறது. இதயத்தின் காணொளியை முதல் நாளே போட்டுப் பார்த்து, எந்த நொடியில் நிறுத்தி எந்தக் கேள்வி கேட்பது என்று யோசிக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தைத்தான் செயலிகள் தின்றுகொண்டிருக்கின்றன.

எங்கள் குற்றச்சாட்டின் சாரம் இதுதான். தொழில்நுட்பம் நம் பள்ளிக்குள் துணைக்கருவியாக வருவதற்கு முன்பே மேலதிகாரியாக வந்துவிட்டது. ஆசிரியர் அதை முதலில் சந்தித்தது ‘இன்னும் முடிக்கவில்லையா?’ என்று கேட்கும் குரலாக. அந்தக் குரலோடு வந்த பொருள் எதுவாக இருந்தாலும் அதன்மேல் ஆசை வருமா?

கொரோனா என்ற பயிற்சி வகுப்பு

ஆசை வந்த காலம் ஒன்று இருந்தது. ஆசை என்பதைவிடக் கட்டாயம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அந்த ஒன்றரை வருடத்தில், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் ஆசிரியர்கள் கற்றுக்கொண்டவை ஏராளம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றார்கள். வீட்டுச் சுவரில் கரும்பலகைத் துணியை மாட்டி, அரிசி டப்பாமீது போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தார்கள். பேசும்போது மிக்ஸி சத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அப்போதே அதன் எல்லையும் தெரிந்தது. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவனுக்குத்தான் முதல் உரிமை. மூன்றாம் வகுப்புத் தங்கைக்கு இரவு ஒன்பது மணிக்குப் போன் கிடைத்தால், அப்போது அவளுக்குத் தூக்கம். அந்த விடுபட்டதைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தின் உயிர், மாலையில் தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள்.

‘பள்ளி’யா, ‘பல்லி’யா?

ஆசிரியருக்குக் கணினியோடு இருந்த இன்னொரு பழைய சண்டையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்த் தட்டச்சு.

கேள்வித்தாளைப் பாமினி எழுத்துருவில் அடித்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவார். ஜெராக்ஸ் கடைக் கணினியில் பாமினி இருக்காது, வானவில்தான் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். மறுநாள் தேர்வு. இரவோடு இரவாகக் கையால் எழுதி நகலெடுத்தவர்கள் எத்தனையோ பேர். 1999-லேயே தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பள்ளிகளில் பாமினி போகச் சில காலம் ஆயிற்று. பழகிய விரல் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அதைக் கடைசியில் தீர்த்துவைத்தது போனில் இருக்கும் மைக். 2017-ல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. விசைப்பலகை பழகாத 50 வயதுக்காரர்கள் இன்று பாடக்குறிப்பைப் பேசியே எழுதிவிடுகிறார்கள்.

ஒரு நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர் இந்த மைக்கை வைத்து ஒரு விளையாட்டு நடத்துகிறார். நேரில் பார்த்தோம். போனைத் திரையோடு இணைத்துவிடுகிறார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவன் வந்து ‘மழை’ என்றான். திரையில் ‘மலை’ என்று விழுந்தது. வகுப்பே சிரித்தது. அவன் நாக்கை மடித்து மறுபடி சொன்னான். மறுபடியும் மலை. மூன்றாம் தரம், கழுத்து நரம்பு புடைக்க, ‘மழை’. விழுந்தது ‘மழை’! பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்தவள் ‘பள்ளி’ சொல்லப்போய்ப் ‘பல்லி’யானது.

“அய்யா, முழு வாக்கியமாச் சொன்னா இந்த விளையாட்டு செல்லாது” என்றார் ஆசிரியர். “பல்லிக்குப் போனேன்னு சொன்னாக்கூட, அது முன்ன பின்ன பாத்து பள்ளின்னு திருத்திப் போட்டுரும். பய தப்பாச் சொன்னது தெரியாமப் போயிரும். அதனாலதான் ஒத்தச் சொல்லு.” எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத நுட்பம் இது. கருவியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு பாடத்தைக் கட்டியிருக்கிறார். இதைச் செய்ய அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு போன், ஒரு ஒயர், அப்புறம் சும்மா நோண்டிப் பார்க்கச் சில சாயங்காலங்கள்.

அவரிடம் செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்டோம். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் ஓயாத பேச்சு அது. வினாத்தாள் எடுக்க, ஒரே பாடத்துக்கு மூன்று நிலையில் பயிற்சித்தாள் தயாரிக்க, ஆண்டுவிழா வரவேற்புரை எழுத என்று பலரும் பயன்படுத்துகிறார்கள். “நட்பு பத்தி ஒரு குறள் சொல்லுன்னேன். ஈரடி, ஏழு சீர், எதுகையெல்லாம் கச்சிதமா ஒண்ணு வந்துச்சு. 1,330-ல அப்படி ஒரு குறளே இல்ல!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்குக் குறள் மனப்பாடம் என்பதால் பிடித்துவிட்டார். வகுப்பில் இருக்கும் பையன் பிடிப்பானா? அவன் அதை நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பேச்சுப் போட்டியில் முழங்கிவிட்டு வருவான்.

இயந்திரத்துக்குப் பின்னால் ஒருத்தி

ஆசிரியரே தேவையில்லை, கணினியை வைத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்லும் பெரிய சாட்சி நம் கரையோரத்தில்தான் இருக்கிறது. ‘சுவரில் ஓட்டை’ சோதனையால் உலகப் புகழ் பெற்ற சுகதா மித்ரா, வங்கக் கடலோரக் காளிக்குப்பத்தில் ஒரு கணினியை வைத்தார். அதில் இருந்தது மூலக்கூறு உயிரியல், அதுவும் ஆங்கிலத்தில். பார்த்தவர்கள் தமிழ் மட்டுமே தெரிந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். தொடக்கத்தில் அவர்கள் மதிப்பெண் சுழியம். சில மாதங்களில் 30 சதவீதத்தைத் தொட்டார்கள். அதிசயம்தான்.

கதையின் மறுபாதியை அந்தக் கட்சி வேகமாகத் தாண்டிவிடும். 30-க்குமேல் ஏறவில்லை. ஏற்றியது ஓர் இளம்பெண். கணக்கர் வேலை பார்த்தவர், உயிரியல் தெரியாது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘அட, இது எப்படிச் செஞ்சீங்க? அடுத்து என்ன?’ என்று பாட்டி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மதிப்பெண் 50-க்குப் போனது. பாடமே தெரியாத ஓர் ஆள் பின்னால் நின்றதற்கே 20 சதவீதப் புள்ளி ஏற்றம். பாடமும் பிள்ளையும் தெரிந்த ஓர் ஆசிரியர் நின்றால்?

எதிர்ச் சாட்சி தென்னமெரிக்காவின் பெரு நாடு. அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கற்பிக்கும் முறையோடு அதை இணைக்கவில்லை. கற்றல் உயரவில்லை என்கிறது 2023-ல் வந்த யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை. கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும் அது சொல்கிறது. ஓர் ஆசிரியர் ஒரு செயலியைப் பழகி, பயம் தெளிந்து, தன் பாடத்துக்கு ஏற்ப வளைக்கத் தொடங்கும்போது, ‘அது வேண்டாம், இனிமேல் இது’ என்று வேறொன்று வந்து நிற்கும். நம் ஆசிரியர்களின் போனில் இறங்கிக் கிடக்கும் பழைய கல்விச் செயலிகளை எண்ணினாலே இது புரியும்.

தனியார் பள்ளிகள் இதில் தேறிவிட்டன என்றும் நினைக்க வேண்டாம். அங்கே ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்பது கட்டண ரசீதில் ஒரு வரி. வாரத்துக்கு இத்தனை பாடவேளை திரை ஓட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. பெற்றோர் காசு கொடுத்திருக்கிறார்கள், ஓடித்தானே ஆக வேண்டும்? ஆசிரியை ஓட்டிவிட்டு ஓரமாக நிற்கிறார். செம்பருத்தியும் திரையில்தான் பூக்கிறது.

———————————
பெட்டிச் செய்தி: எதற்குத் திரை, எதற்கு வேண்டாம்?
(பல்வேறு பள்ளி ஆசிரியர்கள் சொன்னதிலிருந்து)

கண்ணுக்குத் தெரியாதது, தொலைவில் இருப்பது, ஆபத்தானது: இதற்குத் திரை. செல் பிளவு, எரிமலை, நிலவின் பிறைகள், அமிலச் சோதனை.

கைக்கு எட்டுவதற்குத் திரை வேண்டாம். இலை, மண், புளியங்கொட்டைக் கணக்கு, தராசு.

காணொளி நாலு நிமிடத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் சினிமா பார்க்கும் முகத்துக்குப் போய்விடுவார்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதே பாதிப் பாடம்.

மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. கரும்பலகைப் பாடம் ஒன்று கைவசம் இல்லாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

முதல் நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். காணொளிக்கு நடுவே வரும் விளம்பரம் எதுவாகவும் இருக்கலாம்!
———————————

வாங்கியாகிவிட்டது, அப்புறம்?

திரையை மாட்டுவது ஒரு நாள் வேலை. அது அப்புறம் எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்பதுதான் கேள்வி. பேட்டரி இறங்கிய யு.பி.எஸ்., எலி கடித்த ஒயர், கோடை விடுமுறையில் கரையான் ஏறிய பெட்டி என்று பள்ளிக்குப் பள்ளி ஒரு பழுதுக்கதை இருக்கிறது. புகார் எண்ணுக்கு அழைத்தால் டிக்கெட் நம்பர் தருவார்கள். ஆள் எப்போது வருவார் என்பதைத் தரமாட்டார்கள். கெட்டுப்போனால் பொறுப்பு தன் தலையில் விழுமே என்று பயந்து, திரைக்குத் துணி போர்த்திப் பூட்டி வைத்திருக்கும் தலைமையாசிரியர்களையும் பார்த்தோம். அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. தணிக்கையில் பதில் சொல்லப்போவது அவர்கள்தானே.

இதற்கெல்லாம் கோடிகளில் புதிய திட்டம் வேண்டாம். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஆசிரியர் தன் கருவியோடு தனியாக மல்லுக்கட்ட. அந்த நேரத்தில் எந்தப் படிவமும் கேட்கக் கூடாது. அறுபது பேர் ஹாலுக்குப் பதில், பக்கத்துப் பள்ளியில் நன்றாகப் பயன்படுத்தும் ஒருவரின் வகுப்பில் அரை நாள் உட்கார அனுமதி. தரவு ஏற்றத் தனி ஆள். இதில் மூன்றாவதை அரசு பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது; உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களுக்கு ஆட்களும் வந்திருக்கிறார்கள். மலையடிவார ஈராசிரியர் பள்ளிக்கு வரவில்லை.

வாசகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். நம் பள்ளித் திரை கடைசியாக எப்போது ஓடியது? பழுது என்றால் யாரை அழைப்பது, எத்தனை நாளில் வருவார்கள்? நம் டீச்சர் நேற்று போனில் பதிவேற்ற எத்தனை நிமிடம் செலவழித்தார்?

அந்த 10.10 மணிப் பள்ளிக்குப் போன வாரம் மறுபடி பேசினோம். திரை நன்றாக ஓடுகிறது. ரிமோட்டுக்கு செல் தீர்ந்துவிட்டது. அந்தக் கடைசி வரிசைப் பெண்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். காசு டீச்சருடையது.